மெலிண்டா ஏன் பேசவில்லை?

'ஸ்பீக்' என்றால் 'பேசு' என்று பொருள். 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த இந்த நாவலின் கதாநாயகியோ ஒரு பாடசாலை ஆண்டு முழுவதும் பேசாமலே கடத்தப் பார்க்கிறாள். ஆசிரியர் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருக்கிறாள். வீட்டில் அவளும் பெற்றோரும் செய்தி சொல்லிக்கொள்வது குசினியில் எழுதி வைக்கும் துண்டுக் கடதாசிகளால்தான். இதை எழுதியவர் லோரி ஹால்ஸ் அன்டர்சன். பாலியல் வன்முறைக்கு உள்ளான ஒரு பிள்ளை அதன் பின்னர் எப்படி வாழ்கிறாள் என்று சொல்லும் பதின்ம வயதினருக்கான நாவல்கள் இன்று ஆங்கிலத்தில் நிறைய உண்டு. முதலில் எதை வாசிக்கலாம் என்று கேட்கும் மாணவிக்கு நான் சொல்வது இந்த நூலைத்தான். ஆங்கிலம் எளிது, அத்தியாயங்கள் சிறியவை. சாதாரண தர வகுப்பு மாணவி ஒருத்தி அகராதியை அடிக்கடி புரட்டாமலே வாசித்துவிடலாம்.

'அதன் பின்னர்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பத்திரிகையில் நாம் வாசிப்பது சம்பவத்தை. சிறுமியின் வயது, ஊர், சந்தேக நபர் கைது, விளக்கமறியல், அடுத்த தவணைத் திகதி. அத்தோடு செய்தி முடிந்துவிடும். அந்தப் பிள்ளை மறுபடி பாடசாலைக்குப் போனாளா, போனால் பக்கத்தில் யார் இருந்தார்கள், இரவில் அவளுக்கு உறக்கம் வந்ததா என்பதெல்லாம் பத்திரிகைக்குரிய விடயங்கள் அல்ல. நாவலுக்கு வேலை தொடங்குவது அந்த இடத்தில்.

கதை இதுதான். நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரம். கோடை விடுமுறை முடியும் தறுவாயில் பெரிய மாணவர்களின் விருந்தொன்றுக்கு, ஒன்பதாம் தரத்தில் சேரவிருக்கும் மெலிண்டா சோர்டினோ தோழிகளோடு போகிறாள். அங்கே பியர் குடிக்கிறாள். மேல் வகுப்பு மாணவனான அன்டி எவன்ஸ் அவளைத் தனியே அழைத்துப்போய் வல்லுறவுக்கு உட்படுத்துகிறான். வேண்டாம் என்ற சொல் அவள் தலைக்குள் உரக்க ஒலிக்கிறது, வெளியே வரவில்லை. பிறகு அவன் கை அவள் வாயை மூடிவிடுகிறது. நடுங்கியபடி பொலிஸின் அவசர இலக்கத்தை அழைக்கிறாள். மறுமுனையில் குரல் கேட்டதும் அவளுக்கு வார்த்தை வரவில்லை. பொலிஸ் வருகிறது, விருந்து கலைகிறது, சிலர் பிடிபடுகிறார்கள். மெலிண்டா இருட்டில் தனியே வீட்டுக்கு நடக்கிறாள்.

அடுத்த வாரம் பாடசாலை தொடங்கும்போது அவள் 'பொலிஸைக் கூப்பிட்டவள்'. உயிர்த் தோழியாக இருந்த ரேச்சல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆளில்லை. மாதக் கணக்கில் எல்லோரும் அவளை வெறுக்கிறார்கள். ஏன் அழைத்தாய் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்தக் கேட்கப்படாத கேள்வியின் மேல்தான் நாவல் முழுவதும் நிற்கிறது.

சோர்டினோ என்பது ஓர் இத்தாலிய இசைச் சொல். வாத்தியத்தின் ஒலியை அடக்குவதற்காகப் பொருத்தும் சிறு கருவிக்குப் பெயர் அது. கதாநாயகிக்கு இப்படியொரு குடும்பப் பெயர் வைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

நூல் பாடசாலை ஆண்டைப்போல நான்கு தவணைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு தவணை முடிவிலும் ஒரு புள்ளி அறிக்கை. கணிதம், உயிரியலோடு சேர்த்து 'நட்பு', 'உடை' போன்றவற்றுக்கும் மெலிண்டா தனக்குத்தானே புள்ளி போட்டுக்கொள்கிறாள். வாசிக்கையில் சிரிப்பு வரும். உண்மையில் இந்த நாவல் பல இடங்களில் சிரிக்க வைக்கிறது. ஆசிரியர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் நம் மாணவிகளுக்கு அவள் சற்றும் குறைந்தவளல்ல. வெளியே ஊமையாக இருப்பவளின் உள்ளே இத்தனை கூர்மையான பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது வாசகிக்கு மட்டும் தெரியும். அவளைச் சுற்றியுள்ள பெரியவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பெரியவர்கள் கெட்டவர்கள் அல்லர் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். தாய் துணிக்கடையொன்றை நடத்துகிறார், ஓயாத வேலை. தந்தைக்கும் அப்படித்தான். புள்ளிகள் சரிவது அவர்களுக்குத் தெரிகிறது. வகுப்புக்குப் போகாமல் ஒளிந்து திரிவதும் தெரிகிறது. மணிக்கட்டில் கீறல் இருப்பதைக்கூடத் தாய் கண்டுவிடுகிறார். அதிபரின் அறையில் எல்லோரும் கூடியிருந்து பேசுகிறார்கள். பிள்ளை வாய் திறக்காதபோது, கவனத்தை ஈர்க்கத்தான் இப்படிச் செய்கிறாள் என்ற முடிவுக்கு வருகிறார்கள். தண்டனையும் கிடைக்கிறது. அடையாளங்கள் அத்தனையும் அவர்கள் கண்முன்னே கிடந்தன. அவற்றை ஒழுக்கக் குறைவு என்று வாசித்தார்கள், அவ்வளவுதான். திடீரெனப் புள்ளி குறைவது, நெருங்கிய தோழியை விட்டு விலகுவது, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் உடல் விறைப்பது, தூக்கமும் சாப்பாடும் குழம்புவது இவையெல்லாம் வேறு காரணங்களாலும் வரலாம். ஆனால் காரணத்தைக் கேட்பதற்கு முன்னரே கண்டித்துவிட்டால், கேட்கும் சந்தர்ப்பம் நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

சித்திர ஆசிரியர் பிரீமன் மட்டும் சற்று வேறு மாதிரி. ஆண்டின் தொடக்கத்தில் பழைய பூகோள உருண்டை ஒன்றுக்குள் துண்டுச் சீட்டுகளைப் போட்டு ஒவ்வொருவரையும் எடுக்கச் சொல்கிறார். வந்த பொருளையே ஆண்டு முழுவதும் வரைய வேண்டும். மெலிண்டாவுக்கு வந்தது 'மரம்'. இலேசான வேலை என்று நினைக்கிறாள். வரைந்த மரம் ஒன்றிலும் உயிரில்லை. ஒரு பண்டிகை நாளில் தாய் சமைக்கத் தொடங்கிக் கெடுத்த வான்கோழியின் எலும்புகளை வகுப்புக்குக் கொண்டுபோய், அவற்றால் ஓர் உருவம் செய்து, அதில் ஒரு பொம்மைத் தலையைப் பொருத்தி, வாயை நாடாவால் ஒட்டிவிடுகிறாள். ஆசிரியர் அதைப் பார்க்கிறார், அதில் வேதனை இருப்பதை உணர்கிறார், அவளைத் துருவித் துருவி விசாரிக்கவில்லை. கடதாசியும் நேரமும் கொடுக்கிறார். வசந்த காலத்தில் வீட்டு முற்றத்து மரத்தின் பட்ட கிளைகளை ஆட்கள் வெட்டும்போது, நோயுற்ற பகுதியை அகற்றினால் மரம் மறுபடி வளரும் என்று தந்தை விளக்குகிறார். தன் மகளுக்கு எவ்வளவு பெரிய விடயத்தைச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியாது. நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சொல் எப்போது வருகிறது? நடந்ததற்கு என்ன பெயர் என்றே மெலிண்டாவுக்கு நெடுநாள் தெரியவில்லை. உடல்நலமின்றி வீட்டில் இருக்கும் ஒரு நாளில், தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சிகளைப் பார்த்தபடி, அங்கே பேசுபவர்கள் தன் கதையைக் கேட்டால் அதற்கு என்ன பெயர் சொல்வார்கள் என்று கற்பனை செய்கிறாள். தமிழ் வாசகர்கள் இங்கே ஒரு கணம் நிற்கலாம். 'கற்பழிப்பு' என்று நம் பத்திரிகைகள் நெடுங்காலம் எழுதின. அந்தச் சொல்லில் அழிவது பெண்ணிடமிருந்த ஏதோ ஒன்று. செய்தவன் சொல்லுக்குள் இல்லவே இல்லை. 'கெட்டுப்போனவள்' என்ற பேச்சும் அத்தகையதே. 'வல்லுறவு' என்ற சொல்லில் வன்மை முன்னே நிற்கிறது, அதைச் செய்தவனைத் தேட வைக்கிறது. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டுமானால், சொன்ன மாத்திரத்தில் தன்னையே குற்றவாளியாக்காத ஒரு சொல் அவளுக்கு வேண்டும்.

கடைசியில் மெலிண்டா எழுதிச் சொல்கிறாள். ரேச்சல் இப்போது அதே அன்டி எவன்ஸோடு பழகத் தொடங்கியிருக்கிறாள். அதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாமல், நூலகத்தில் அமர்ந்து ஒரு குறிப்புப் புத்தகத்தில் உண்மையை எழுதிக் காட்டுகிறாள். ரேச்சல் நம்பவில்லை. பொறாமைக்காரி, பொய்காரி என்று திட்டிவிட்டுப் போகிறாள். ஆனால் பெண்கள் கழிவறைச் சுவரில், விலகி நிற்க வேண்டிய ஆண்கள் என்று தலைப்பிட்டு மெலிண்டா அவன் பெயரை எழுதி வைத்திருந்தாள். சில நாட்களின் பின் பார்த்தால் அதன் கீழே வேறு வேறு கையெழுத்துகளில் பலர் எழுதியிருக்கிறார்கள். தான் மட்டுமல்ல என்பதை அவள் அறிவது அந்தச் சுவரில்.

அவள் ஒளிந்துகொள்ளும் இடமொன்று உண்டு. துப்புரவுத் தொழிலாளி பயன்படுத்தாமல் விட்ட ஒரு சிற்றறை. அங்கிருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், எழுத்தாளர் மாயா அஞ்சலோவின் பெரிய படம் ஒன்றால் அதை மூடி வைத்திருக்கிறாள். அஞ்சலோவின் நூலொன்றைக் கல்விச் சபை தடை செய்ததால் பாடசாலை நூலகர் கழித்துவிட்ட படம் அது. அன்டி அவளை அதே அறையில் வைத்து மறுபடி தாக்கும்போது, தன் சிற்பத்தின் அடிக்கட்டையால் அந்தப் படத்தின் மேல் ஓங்கி இடிக்கிறாள். பின்னாலிருந்த கண்ணாடி உடைகிறது. ஒரு துண்டு அவள் கைக்கு வருகிறது. கூடவே குரலும் வருகிறது.

ஏன் மாயா அஞ்சலோ? 1969இல் வெளிவந்த தம் சுயசரிதையின் முதல் பாகத்தில் அவர் எழுதியிருப்பது தெரிந்தால் காரணம் விளங்கும். ஏறக்குறைய எட்டு வயதில், தாயின் வீட்டில், தாயோடு வாழ்ந்த ஆளால் அவர் வல்லுறவுக்கு உள்ளானார். அண்ணனிடம் பெயரைச் சொன்னார். சில நாட்களில் அந்த ஆள் கொல்லப்பட்டான். தன் குரல்தான் ஒருவனைக் கொன்றது என்று நம்பிய அச்சிறுமி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அண்ணனைத் தவிர எவருடனும் பேசவில்லை. ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்டாம்ப்ஸ் என்ற சிற்றூரில் பிளவர்ஸ் என்ற அம்மையார் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்து, நூல்களைக் கொடுத்து, உரக்க வாசிக்கச் சொன்னார். குரல் அப்படித்தான் திரும்பியது.

இந்த இரண்டு கதைகளையும் அருகருகே வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெலிண்டாவின் கதையை வாசிக்கும் பெற்றோர் பலர் முதல் பக்கங்களிலேயே ஓரிடத்தில் நின்றுவிடுவார்கள். அந்த விருந்துக்கு அவள் ஏன் போனாள்? ஏன் குடித்தாள்? நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழாமல் இராது. அவள் அங்கே போனதும் குடித்ததும் பிழை என்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் கண்டிக்க வேண்டிய பிழை அது. அந்தப் பிழைக்குரிய விலை வல்லுறவு ஆகாது. அதைச் செய்ய முடிவெடுத்தவன் அவன் ஒருவனே. அஞ்சலோ எந்த விருந்துக்கும் போகவில்லை. எட்டு வயதுப் பிள்ளை, சொந்த வீட்டில் இருந்தாள். விருந்தைக் காரணமாகக் காட்டி நம் பிள்ளைகளுக்கு இது நேராது என்று ஆறுதல் கொள்ளும் பெற்றோர், வீட்டுக்குள் வந்துபோகும் ஆட்களைப் பற்றி யோசிக்க மறந்துவிடுகிறார்கள். பிள்ளையின் வாயையும் அந்தக் கேள்வியே அடைக்கிறது. 'ஏன் போனாய்' என்பதுதான் உம்மாவின் முதல் வார்த்தையாக இருக்கும் என்று தெரிந்த மகள் சொல்ல வரமாட்டாள்.

அன்டர்சனுக்கும் இது வெறும் கற்பனை அல்ல. பதின்மூன்று வயதில் தாமும் வல்லுறவுக்கு உள்ளானதை அவர் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். 2019இல் வெளிவந்த 'ஷவுட்' என்ற நூலில் அதைக் கவிதை நடையில் விரிவாக எழுதியிருக்கிறார். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. 'ஸ்பீக்' வெளிவந்த ஆண்டே அமெரிக்கத் தேசிய நூல் விருதின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. 2004இல் திரைப்படமானது, 2018இல் சித்திரக் கதையாகவும் வந்தது. அதைவிடப் பெரிய விடயம் வாசகர்களின் கடிதங்கள். எனக்கும் இது நடந்தது, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று எழுதியவர்கள் ஏராளம். அக்கடிதங்களின் வரிகளைக் கோத்தே ஒரு கவிதை ஆக்கி, பத்தாண்டு நிறைவுப் பதிப்பில் சேர்த்தார்.

எதிர்ப்பும் வராமல் இல்லை. 2010இல் மிசூரி மாநிலத்துப் பேராசிரியர் ஒருவர் இந்நூலை ஆபாசம் என்று பத்திரிகையில் எழுதி, பாடசாலைகளிலிருந்து அகற்றக் கோரினார். அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்கில், 2020இல் மிகுதியான எதிர்ப்புக்கு உள்ளான பத்து நூல்களுள் இது 4ஆவது. பெற்றோரின் தயக்கத்தை நான் இலேசாக எண்ணவில்லை. பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கிறோம் என்று பார்ப்பது அவர்கள் கடமை. ஆனால் நூலைத் திறந்து பார்த்தால், அந்தச் சம்பவம் மிகச் சுருக்கமாக, நூலின் பாதியைத் தாண்டிய பிறகே வருகிறது. ஆசையைத் தூண்டும் ஒரு வரியும் அதில் இல்லை. அங்கே இருப்பது பயம். தரம் 9க்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இதைத் தனியே கொடுக்க வேண்டாம் என்பதே என் எண்ணமும். தாய் முதலில் வாசித்துவிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒரே நூலை இருவர் வாசித்திருந்தால், மெலிண்டாவைப் பற்றிப் பேசுவதுபோலவே மகள் தன்னைப் பற்றியும் பேசிவிட முடியும்.

பிறகு வந்த நூல்களில் இரண்டைச் சொல்லலாம். அயர்லாந்தின் லூயிஸ் ஓ'நீல் 2015இல் எழுதிய 'ஆஸ்கிங் போர் இட்' வாசிக்கக் கடினமான நூல். எம்மா பதினெட்டு வயது அழகி, அகங்காரி, நமக்குப் பிடிக்காத பெண். விருந்தொன்றில் அவள் நினைவிழந்திருந்தபோது நடந்தவை படங்களாக முகநூலில் வருகின்றன. ஊர் முழுவதும் பையன்களின் பக்கம் நிற்கிறது. தந்தையால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முடிவில் எம்மா முறைப்பாட்டைத் திரும்பப் பெறத் தீர்மானிக்கிறாள், வீடு நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. அந்த நிம்மதிதான் நூலின் மிகக் கொடிய பகுதி. குடும்ப மானம் காப்பாற்றப்பட்டது என்ற அந்தப் பெருமூச்சை நாமும் கேட்டிருக்கிறோம். மெலிண்டா நல்ல பிள்ளை என்பதால் அவளுக்காக இரங்கினோம். பிடிக்காத பெண்ணுக்காகவும் இரங்க முடியுமா என்று ஓ'நீல் கேட்கிறார்.

கனடாவின் ஈ. கே. ஜோன்ஸ்டன் 2016இல் எழுதிய 'எக்சிட், பர்சூட் பை எ பெயார்' நேர்மாறானது. முகாமொன்றில் பானத்தில் மருந்து கலந்து கொடுக்கப்பட்டு ஹெர்மயனி வல்லுறவுக்கு உள்ளாகிறாள். தோழி பொலி அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. பெற்றோர் நம்புகிறார்கள், பொலிஸ் அதிகாரி மரியாதையோடு கேட்கிறார், மனநல ஆலோசகரும் கிடைக்கிறார். அவளுக்கு நேர்ந்த கொடுமை சிறிதல்ல, ஆயினும் அவள் மெலிண்டாவைப்போல ஊமையாகவில்லை. அதில் கருக்கலைப்புப் பற்றிய பகுதி உண்டு, நம் வீடுகளில் அதுபற்றி வேறு கருத்து இருக்கும். அதையும் மகளோடு பேசலாம். மூன்று நூல்களையும் சேர்த்து வாசிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. நேர்ந்தது மூவருக்கும் ஒரே வகைக் கொடுமை. பின்பு மூவரின் வாழ்க்கை மூன்று விதமாகப் போனதில், பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் என்ன சொன்னார்கள் என்பதற்குப் பெரும் பங்கு உண்டு.

இதை வாசிக்கும் மாணவி ஒருத்திக்கு மெலிண்டாவின் கதை வெறும் கதையாக இல்லாமலும் இருக்கலாம். அவளுக்காக ஒரு செய்தி. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அழைத்தவுடன் மெலிண்டாவைப்போல வார்த்தை வராமல் போனால், மறுபடி அழைக்கலாம். நம்பும் ஓர் ஆசிரியையிடம் எழுதியும் கொடுக்கலாம். தோழி ஒருத்தி சொல்ல வந்தால், முழுவதும் கேட்டுவிட்டு, நம்புகிறேன் என்று சொல்லுங்கள். பிறகு அவளோடு சேர்ந்து ஒரு பெரியவரிடம் போங்கள். இப்படியான இரகசியத்தை ஒரு பிள்ளை தனியே சுமக்கக் கூடாது, தோழியும் தனியே சுமக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. பாடசாலைகளுக்குப் பேசப் போகும்போதெல்லாம் பையன்கள் தம்மிடம் திரும்பத் திரும்ப ஒரு கேள்வி கேட்பதாக அன்டர்சன் சொல்லியிருக்கிறார். மெலிண்டா ஏன் இவ்வளவு மனமுடைந்து போனாள் என்பதே அது. கேலிக்காகக் கேட்கவில்லை, அவர்களுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. ஆகவே நூலகத்திலிருந்து இதை எடுத்துச் செல்லும் மாணவிகள், வாசித்து முடித்ததும் உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். தவணைத் திகதிக்கு இன்னும் சில நாட்கள் இருந்தால், வீட்டில் நாநாவோ தம்பியோ கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டுப் பாருங்கள்.